வைட்டமின் மாத்திரையால் மனச்சோர்வு போகுமா? பைபோலாருக்கு?

"டிப்ரஷனா? ஒண்ணுமில்ல, பி12 கம்மியா இருக்கும், நாலு ஊசி போட்டா சரியாயிடும்" என்று சொல்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் மீன் எண்ணெய் படத்தோடு ஒரு செய்தி வரும், ஜிம்மில் ஒருவர் அஸ்வகந்தா டப்பாவை நீட்டுவார். இன்னொரு பக்கம் "வைட்டமின் எல்லாம் காசு பிடுங்குற வேலை" என்று மொத்தமாகத் தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம் தீருவதே இல்லை. இந்தக் குழப்பத்தால் ஒருவர் பி12 குறைபாட்டோடு வருஷக்கணக்கில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் விழுங்கிக்கொண்டு "மருந்தே கேட்கவில்லை" என்று நொந்துபோகலாம். இன்னொருவர் பைபோலாருக்கு டாக்டர் கொடுத்த லித்தியம் என்ற மருந்தை நிறுத்திவிட்டு இயற்கை வழிக்கு மாறுகிறேன் என்று போய், சில வாரங்களில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலைக்கு வரலாம். இரண்டுமே தடுக்கக்கூடியவை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

## முதலில், எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

மனச்சோர்வு என்றால் ஒரு நாள் மூட் சரியில்லாமல் இருப்பதைச் சொல்லவில்லை. குறைந்தது இரண்டு வாரமாவது, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி துக்கமாகவோ எதிலும் ஆசையே இல்லாமலோ இருப்பது, கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் கெட்டுப்போவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், சில சமயம் சாக வேண்டும் என்ற எண்ணம். 2015–16இல் நடந்த இந்தியாவின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி சுமார் 20 பேரில் ஒருவருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இது வந்திருக்கிறது.

பைபோலார், அதாவது இருதுருவக் கோளாறு, வேறு நோய். இதில் மேலே சொன்ன சோர்வுக் காலமும் வரும், அதற்கு நேர் எதிரான மேனியாவும் வரும். மேனியா என்பது மனமும் உடம்பும் அளவுமீறி எழும்பி நிற்கும் நிலை: இரவு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் எழுவார், நிறுத்தாமல் பேசுவார், கையில் இருக்கும் பணத்தை எல்லாம் ஒரே வாரத்தில் ஏதோ தொழிலில் போட்டுவிடுவார், தடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பலருக்கு இந்த நோய் முதலில் சோர்வாகத்தான் தலைகாட்டுகிறது. முதல் மேனியா வரும்வரை அவரும் குடும்பமும், ஏன், பார்க்கிற டாக்டரும்கூட அது வெறும் மனச்சோர்வு என்றே நினைக்கக்கூடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## வைட்டமின் மூளையில் செய்யும் வேலை

வீட்டுத் தையல் மெஷினை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் வற்றிப்போனால் சக்கரம் இறுகும், இரண்டு சொட்டு விட்டதும் சரளமாக ஓடும். ஆனால் நன்றாக ஓடுகிற மெஷினில் பாட்டிலைக் கவிழ்த்தால் தையல் வேகமாகாது, துணிதான் கறைபடும். அப்புறம், பெல்ட் அறுந்துபோன மெஷினுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஓடாது.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு செரட்டோனின், டோப்பமின் போன்ற வேதிப்பொருட்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றுக்கு நரம்புக் கடத்திகள் என்று பெயர். செரட்டோனின் எங்கிருந்து வருகிறது? பருப்பு, பால், முட்டை மாதிரி புரத உணவில் டிரிப்டோஃபேன் என்ற பொருள் இருக்கிறது. உடம்பு அதை இரண்டு படியில் செரட்டோனினாக மாற்றுகிறது. முதல் படிக்கு இரும்புச்சத்து வேண்டும், இரண்டாவது படிக்கு வைட்டமின் பி6 வேண்டும். டோப்பமின் தயாரிப்பிலும் இதே இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள். ஃபோலேட்டும் (மாத்திரையாக வரும்போது ஃபோலிக் ஆசிட்) பி12உம் ஜோடியாகச் சேர்ந்து இன்னொரு வேதிச் சுழற்சியை ஓட்டுகின்றன, நரம்பைச் சுற்றியுள்ள உறை கெடாமல் இருப்பதற்கும் அது தேவை. இப்படி ஒரு நொதி வேலை செய்யக் கூடவே நின்று உதவும் பொருளைத் துணைக்காரணி என்பார்கள்.

ஒரு நொதிக்குத் தேவையான துணைக்காரணி கிடைத்துவிட்டால், அதன்பிறகு எவ்வளவு கூடுதலாக வந்தாலும் அந்த நொதி அதே வேகத்தில்தான் ஓடும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அது உடம்புக்கு வேண்டாத ரைபோஃப்ளேவின், அதாவது பி2, வெளியேறுவதுதான். எல்லாமே அப்படிச் சாதுவாக வெளியேறிவிடும் என்று நினைக்க வேண்டாம். பி6ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் கை கால் நரம்பே பழுதாகி மரத்துப்போகும்.

இதுவரை சொன்னது: குறை இருந்தால் நிரப்புவது பெரிய மாற்றத்தைத் தரும், குறை இல்லாதவருக்கு மேலே மேலே கொட்டுவது அதே மாற்றத்தைத் தராது, கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

## குறைபாடே மனச்சோர்வு வேஷம் போடும்போது

இங்கேதான் வைட்டமின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பி12 குறைந்தால் அசதி, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும், சிலருக்குக் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும்கூட வரும். கூடவே பாதத்தில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், நடக்கும்போது தடுமாற்றம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. யாருக்கு அதிகம் வரும்? பி12 நம்பகமாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான், அதனால் சுத்த சைவக்காரர்களுக்கு, அதிலும் பால், தயிரும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. ஸ்பைருலினாவில் இருப்பதாகச் சொல்லப்படும் பி12இல் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். அப்புறம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்களுக்கும், வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரையைத் தினமும் காலையில் போடுகிறவர்களுக்கும் பி12 மெல்ல மெல்ல இறங்கும். நம் வீடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள் என்று பாருங்கள். "அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டார்" என்று விட்டுவிடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். ஒரு விஷயம், ஊசி போட்ட பிறகு டெஸ்ட் எடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும், அதனால் முதலில் டெஸ்ட், பிறகு ஊசி.

ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தனியாக அதிகம் போடுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. பி12 குறைவால் வந்த ரத்தசோகையை அது சரிசெய்துவிடும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருக்கும், கால் மட்டும் மரத்துக்கொண்டே போகும்.

இரும்புச்சத்து அடுத்தது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகைக்கு இரும்புக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது முக்கியமான காரணம். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எதிலும் கவனம் நிற்காதது, எப்போது பார்த்தாலும் சலிப்பு: இதை "அவளுக்கு எப்பவும் மூஞ்சி இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

வைட்டமின் டி பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டி குறைவாக இருப்பதை ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவர் மேல் வெயில் படாது, அதனாலும் டி குறையும் இல்லையா? எது முன்னால் வந்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எலும்புக்கும் தசைக்கும் டி தேவை, குறைந்திருந்தால் நிரப்பத்தான் வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் 60,000 ஐ.யு. பாக்கெட் வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதப்படுவது. அதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரும், சிறுநீரகம் பாதிக்கும். அந்தக் கால்சியமே ஆளைச் சோர்வாக்கிவிடும்.

தைராய்டு வைட்டமின் கிடையாது, ஆனால் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் போக முடியாது. தைராய்டு மந்தமானால் அப்படியே மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

## குறைபாடு இல்லாதவருக்குப் பலன் உண்டா?

இதற்குப் பெரிய ஆய்வுகளே நடந்துவிட்டன. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,353 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குத் தினமும் 2000 ஐ.யு. வைட்டமின் டி, மறுபாதிக்கு அதேபோல் தோன்றும் மருந்தில்லாத மாத்திரை கொடுத்து, ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். மருந்தில்லாத இந்த மாத்திரைக்குப் பிளாசிபோ என்று பெயர். 2020இல் முடிவு வந்தது: மனச்சோர்வு வருவதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பைத் தினம் 1 கிராம் கொடுத்த முடிவு 2021இல் வந்தது; அதிலும் தடுப்புப் பலன் இல்லை, சொல்லப்போனால் எடுத்தவர்களிடம் மனச்சோர்வு ஒரு துளி கூடுதலாகவே இருந்தது. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 1025 பேருக்கு ஒமேகா 3, செலினியம், ஃபோலிக் ஆசிட், டி எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த அந்த முடிவும் இதேதான்.

அப்படியானால் ஒமேகா 3 வீணா? அவசரப்பட வேண்டாம். மேலே உள்ளவை எல்லாம் நோய் வராமல் தடுக்குமா என்று பார்த்தவை. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர், டாக்டர் கொடுக்கும் சிகிச்சையோடு சேர்த்து எடுத்தால் சின்ன அளவில் உதவலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதில் எண்ணெயின் வகை முக்கியம். மீன் எண்ணெயில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு கொழுப்பு அமிலங்கள் உண்டு, மனச்சோர்வில் ஓரளவு பலன் தெரிந்தது இ.பி.ஏ. அதிகமாக உள்ளவற்றில், நாளைக்கு 1 முதல் 2 கிராம் இ.பி.ஏ. அளவில். இப்போது கடையில் வாங்கும் சாதாரணப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று இருக்கும். திருப்பினால் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. என்று இருக்கும். அந்த 1000 என்பது மொத்த எண்ணெயின் எடை. அந்தக் கணக்கில் 1 கிராம் இ.பி.ஏ. வேண்டுமானால் ஐந்தாறு மாத்திரை விழுங்க வேண்டும். ஆளிவிதையில் இருப்பது வேறு வகை, உடம்பு அதில் மிகச் சொற்பத்தைத்தான் இ.பி.ஏ. ஆக்கும். மத்தி, அயிலை சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தாலே நல்லது, விலையும் குறைவு.

இன்னொன்றையும் அதே பாட்டிலில் தேடுங்கள்: இந்தியாவில் சத்து மாத்திரை என்று விற்கும் பொருளில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்திலேயே மூளையின் படம் போட்டிருந்தாலும் அந்த வரி இருக்கும்.

சுருக்கமாக, நோய் வராமல் இருக்க வைட்டமின் போடுவதற்கு ஆதாரம் இல்லை, வந்த பிறகு துணையாக ஒமேகா 3க்கு ஓரளவு ஆதாரம் உண்டு, அதுவும் மருந்தோடு சேர்த்து.

## பைபோலாரில் கணக்கே மாறுகிறது

சாதாரண மனச்சோர்வில் பலன் இல்லாத மாத்திரை பெரும்பாலும் பணத்தைத்தான் தின்னும். பைபோலாரில் அப்படி இல்லை. மனதைத் தூக்கிவிடும் சக்தி உண்மையிலேயே உள்ள ஒரு பொருள், ஆளை மேனியாவுக்குத் தள்ளிவிடலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை லேசான, நடுத்தர மனச்சோர்வில் வேலை செய்கிறது, அதனாலேயே அது பைபோலாரில் ஆபத்து. அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்துகள் போன்றவற்றின் பலனையும் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று அவசர நிலைவரை போகலாம். சாம்-இ, 5-எச்.டி.பி. என்று ஆன்லைனில் விற்கும் சத்து மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முன்பு சொன்னேன் அல்லவா, பைபோலார் பலருக்கு மனச்சோர்வாகத்தான் ஆரம்பிக்கிறது என்று? தனக்கு பைபோலார் என்று இன்னும் தெரியாத ஒருவர்தான் இந்த மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட அதிக வாய்ப்புள்ளவர்.

அஸ்வகந்தா நம் ஊர்ப் பொருள், பாலில் கலக்கிக் குடிக்கிறோம், அதனால் கெடுதல் இருக்காது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. அது தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம், அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது. அடைத்து விற்கும் மாத்திரையில் இருப்பது செறிவூட்டிய சாறு, பாட்டி கொடுத்த ஒரு சிட்டிகைப் பொடியின் அளவை வைத்து அதை எடைபோட முடியாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஃபோலிக் ஆசிட் விஷயம். யாரும் சந்தேகப்படாத, ரூபாய்க்கணக்கில் கிடைக்கிற சின்ன மாத்திரை. பைபோலார் சோர்வு உள்ளவர்களுக்கு குவெட்டியாபின் என்ற மருந்தோடு லாமோட்ரிஜின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளிவந்தது. அதிலேயே சிலருக்கு ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் நன்மை வரும் என்ற நம்பிக்கையில். நடந்தது தலைகீழ். ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களிடம் லாமோட்ரிஜினின் பலன் காணாமல் போயிருந்தது. ஒரே ஆய்வுதான், காரணமும் இன்னும் தெளிவாகவில்லை, ஆனால் லாமோட்ரிஜின் போடுகிறவர் மல்டிவைட்டமின் வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க இதுவே போதும். அதே சமயம், கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்கள் இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிட்டை நிறுத்திவிடக் கூடாது. குழந்தையின் தண்டுவடத்துக்கு அது தேவை, எது எவ்வளவு என்று டாக்டர்தான் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

என்.ஏ.சி. (என்-அசிட்டைல்சிஸ்டீன்) என்று ஒரு சத்து மாத்திரை உண்டு. 2008இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு பைபோலார் சோர்வில் நம்பிக்கை தந்தது, பிறகு வந்தவை ஒரே மாதிரி சொல்லவில்லை.

## லித்தியம் இயற்கை உப்புதானே?

"கெமிக்கல் வேண்டாம், இயற்கையாகப் போகலாம்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும். பைபோலாருக்கான முதன்மையான மருந்தான லித்தியம் பூமியில் கிடைக்கும் ஒரு தனிமம், சோடியத்தின் உறவுக்காரன். 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் மேனியா உள்ள பத்துப் பேருக்கு லித்திய உப்பைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் அமைதியானதை எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது, அளவு பார்க்க யாரும் இல்லை, சிலர் இறந்துபோனார்கள். ஒரே பொருள், ஒரே வருஷம். வித்தியாசம் அளவிலும் கண்காணிப்பிலும் இருந்தது.

இன்று ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் விஷம். இடைவெளி எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். அதனால் கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, திடீரென்று உப்பில்லாப் பத்தியம் இருந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாலோ லித்தியம் ஏறும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் ஏற்றும். கை பெரிதாக நடுங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி: இவை வந்தால் அடுத்த வேளை லித்தியம் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆன்லைனில் லித்தியம் ஓரோடேட் என்ற பெயரில் சத்து மாத்திரை விற்கிறார்கள். அதில் பொதுவாக 5 மி.கி. அளவு லித்தியம் இருக்கும். டாக்டர் எழுதும் 300 மி.கி. லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றிலேயே சுமார் 56 மி.கி. லித்தியம் உண்டு, அதையும் தினம் ஒன்றுக்கு மேல்தான் பெரும்பாலும் போடுவார்கள். அந்த இடத்தில் இதை வைத்தால் சிகிச்சையே இல்லாததற்குச் சமம். மருந்து லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா திரும்புவதும் தற்கொலை அபாயம் கூடுவதும் நன்கு அறியப்பட்டவை.

## டெஸ்டையே குழப்பும் மாத்திரைகள்

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற பி வைட்டமினைப் போடுகிறவர்கள் ஏராளம். அதிக அளவு பயோட்டின் பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனையைக் குழப்பி, நல்ல தைராய்டை மிகைத் தைராய்டு போலவும், மந்தமானதைச் சரியாக இருப்பது போலவும் காட்டலாம். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு மந்தமாக வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த டெஸ்டைத்தான் நம்பி இருக்கிறோம். ஜிம்முக்குப் போகிறவர் கிரியாட்டின் பொடி சாப்பிட்டால் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் எண் ஏறும். லித்தியத்தால்தான் சிறுநீரகம் கெட்டது என்று நினைத்து, நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்த நேரிடலாம்.

## "ஆனா எனக்குச் சரியாச்சே!"

பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையில் குறைபாடு இருந்து அது நிரம்பியிருக்கலாம். அல்லது சோர்வுக் காலம் தானாகவே முடிந்திருக்கலாம். பைபோலாரில் ஏற்ற இறக்கம்தான் நோயின் இயல்பு, மிகவும் கீழே இருக்கும்போதுதான் புதிய மாத்திரையைத் தேடுகிறோம், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் மேலே வருவோம். பிளாசிபோ எடுத்தவர்களிலும் கணிசமானோருக்கு முன்னேற்றம் தெரிகிறது, மருந்து ஆய்வுகளில் இது வழக்கமாகப் பார்ப்பது. ஒருவருடைய அனுபவத்திலிருந்து இந்த மூன்றில் எது நடந்தது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஆயிரக்கணக்கானோரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

## டாக்டரிடம் போகும்போது

வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், சூரணம், புரோட்டீன் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்வதைவிடக் காட்டுவது மேல், பின்பக்கத்தை டாக்டர் படித்துக்கொள்வார். பி12, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மேனியா வந்திருந்தால், உங்களுக்கே தூக்கமில்லாமல் உற்சாகமாகச் சுற்றிய நாட்கள் இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எதை ஆரம்பித்தாலும் ஒவ்வொன்றாக ஆரம்பியுங்கள், நாலைந்தைச் சேர்த்துத் தொடங்கினால் எது உதவியது, எது தொல்லை கொடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926.